உரிமை திரும்பிய நூலை நீங்களே மறுபதிப்பு செய்வது எப்படி?

பதிப்பகத்திடமிருந்து உரிமை திரும்பி வந்தால், வருவது நீங்கள் எழுதிய எழுத்து மட்டும்தான். அட்டைப்படம் ஓவியருக்கோ பதிப்பகத்துக்கோ சொந்தம். அணிந்துரை அதை எழுதியவருடையது. பக்க வடிவமைப்பும், நூலின் சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் பழைய பதிப்பகத்தோடு நின்றுவிடும். ஆகவே பழைய புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்து அச்சுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

1. கடிதம் கையில் இருக்கட்டும்

"இனி நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று போனில் சொன்னது போதாது. நூலின் பெயர், பழைய ஐஎஸ்பிஎன், உரிமை திரும்பும் தேதி, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாமே அடக்கம் என்ற வரி, மீதிப் பிரதிகளை என்ன செய்வது என்ற முடிவு ஆகியவற்றோடு கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் காலமே குறிப்பிடவில்லையா? பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19(5)-இன்படி அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மீதிப் பிரதிகளைக் கழிவு விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்வது நல்லது. பழைய பதிப்பும் புதியதும் ஒரே கடையில் கிடந்தால் புதியது நகராது.

2. எழுத்தை மீட்பது

அதிக நேரம் பிடிக்கும் வேலை இது. அட்டைக்குச் செலவிடும் அக்கறையைப்போல் மூன்று மடங்கை இங்கே செலவிடுங்கள்.

பழைய கோப்பு பாமினி, ஸ்ரீலிபி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் இருந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள் (எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி படிக்கப்படும் பொதுக் குறியாக்கம்). எந்தக் குறியாக்கம் என்று சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் பிழைகள் தங்கிவிடும். பாமினியில் காற்புள்ளி விசையில் இருப்பது 'இ'. அதனால் காற்புள்ளிகள் 'இ' ஆகிவிடுவதுண்டு. இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழெழுத்துகளாகச் சிதறும். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகியிருக்கும், அதாவது 'கௌ' என்ற ஓரெழுத்து 'கெ', 'ள' என இரண்டாகப் பிரிந்திருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தேடினால் அகப்படாது. 'கெள', 'செள', 'மெள' என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடக் கூடாது. 'தெளிவு' 'தௌிவு' ஆகிவிடும்.

கோப்பே இல்லையென்றால் அச்சுப் பிரதியை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். எழுத்துகள் வந்துவிடும். 'ர'வும் துணைக்காலும் இடம் மாறும். ன, ண குழம்பும்.

மெய்ப்பைத் திரையில் பார்க்காதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் பழைய புத்தகத்தை உரக்க வாசிக்க, மற்றவர் புதியதில் விரல் வைத்துத் தொடரவேண்டும். விடுபட்ட வரி அப்போதுதான் பிடிபடும். ஒற்றுப் பிழைகளுக்குத் தனியாக இன்னொரு சுற்று தேவை.

3. திருத்தம் எதுவரை?

எடுத்துக்காட்டாக, சேலம் மாவட்டத்தைப் பற்றி 1990-களின் தொடக்கத்தில் எழுதிய நூல் என்றால் நாமக்கல் அதற்குள் இருக்கும். 1997-இல் அது தனி மாவட்டமானது. சேலம் 1994-இல் மாநகராட்சியானது. இப்படிப்பட்ட இடங்களில் மூலத்தை அழிக்காமல் ஆண்டோடு அடிக்குறிப்பு கொடுங்கள். எழுதிய காலத்தின் பார்வையும் நூலின் ஒரு பகுதிதான்.

4. பக்க அமைப்பு

டெமி 1/8 அளவு, அதாவது ஏறக்குறைய 5.5 × 8.5 அங்குலம், கட்டுரைக்கும் நாவலுக்கும் பொருந்தும். நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. 11 புள்ளி எழுத்து, 16 புள்ளி வரி இடைவெளியில் தொடங்குங்கள். தமிழில் மேல்விலங்கும் கீழ்க்கொக்கியும் உண்டு என்பதால் நெருக்கினால் முட்டும். இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்வை இயக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டிடிபி கடையில் பேஜ்மேக்கர்தான் என்றால், யுனிகோடை அவர்கள் மீண்டும் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அங்கே புதுப் பிழைகள் முளைக்கும். இறுதி மெய்ப்பை அதன்பிறகு பாருங்கள்.

நூலில் உள்ள படங்களைப் பழைய புத்தகத்திலிருந்து ஸ்கேன் செய்தால் அச்சுப் புள்ளிகள் வலைபோல் தெரியும். மூலப் படங்களைத் தேடி எடுங்கள்.

5. எண்

ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஐஎஸ்பிஎன் முகமையில் ஆன்லைனில் விண்ணப்பித்தால் எண் இலவசம். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று. முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். உரிமைப் பக்கத்தில் முதற்பதிப்பின் ஆண்டையும் பழைய பதிப்பகத்தின் பெயரையும் போடுவது மரியாதை, வாசகருக்குத் தகவலும்கூட.

6. அச்சகம்

பக்கங்களை 16-இன் மடங்கில் நிறுத்துங்கள்: 192, 208. உள்தாள் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ, அட்டை 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு போதும். 208 பக்கம் என்றால் 104 தாள். முதுகு சுமார் 10 மில்லிமீட்டர் வரும். ஆனால் தாளுக்குத் தாள் தடிமன் மாறும். அதே தாளில் வெற்று டம்மி கட்டித் தரச் சொல்லி, ஸ்கேல் வைத்து அளந்த பிறகே அட்டையை முடியுங்கள். எழுத்து முழுக்க ஒற்றைக் கறுப்பில் (வேறு நிற மை கலக்காமல்) இருக்கட்டும், அட்டையில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போய்விடும் ஓரப் பகுதி) விடுங்கள். 200, 300 பிரதிக்குள் என்றால் டிஜிட்டல், அதற்கு மேல் ஆஃப்செட்.

தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடவேண்டும் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடினால் ஈரத்தில் பக்கங்கள் அலையலையாகும். லேமினேஷன் அட்டையின் வெளிப்பக்கம் மட்டுமே இருப்பதால், உட்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரிந்து, அட்டை வெளிநோக்கிச் சுருளும். ஏற்காடு போன்ற ஈரம் மிகுந்த மலையூரில் வீடு இருந்தாலும், மழைக்காலத்தில் புத்தகக் கட்டுகளைக் கீழே சேலத்திலேயே, தரையில் படாமல் பலகைமேல் வையுங்கள்.

7. வெளிவந்த பின்

கிண்டிலில் ஏற்றுமுன் பழைய பதிப்பகத்தின் மின்னூல் நீக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் உரிமைக்குச் சான்று கேட்பார்கள். அந்தக் கடிதம் அப்போது உதவும். 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, திருத்திய பதிப்பைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒரு பிரதி வீதம் 30 நாளுக்குள் உங்கள் செலவில் அனுப்பவேண்டும். அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்றே இந்த நான்கையும் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.