சி டிரைவ் நிறைந்துவிட்டதா? பிக்சர்ஸை டி-க்கு மாற்றுங்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) முடிந்தால் போதும், படமும் வீடியோவுமாக வீட்டுக் கம்ப்யூட்டரின் சி டிரைவ் சிவந்துவிடும். டி டிரைவோ காலியாகக் கிடக்கும்.

விண்டோஸில் முதலில் டி-யில் ‘பிக்சர்ஸ்’ என்று புது ஃபோல்டர் போடுங்கள். அப்புறம் பழைய பிக்சர்ஸ் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். புது ஃபோல்டரைக் காட்டி அப்ளை கொடுத்தால், உள்ளே இருப்பதையும் நகர்த்தவா என்று கேட்கும், எஸ் கொடுங்கள். வீடியோஸ், டாக்குமெண்ட்ஸுக்கும் இதே வழிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வேண்டும். டி டிரைவையே நேராகக் காட்டிவிடாதீர்கள், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. லொகேஷன் டேபே காணோமா? ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) பேக்கப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

சி, டி இரண்டும் பல வீடுகளில் ஒரே டிஸ்க்தான், அது கெட்டால் இரண்டும் போய்விடும். அதனால் கல்யாணப் படங்களுக்கு வெளியே தனியாக ஒரு நகல் இருக்கட்டும்.