ஸ்டாண்ட் ஃபேன் சத்தம் போடுதா? நிற்பாட்டிவிட்டுக் கேளுங்கள்

ஆவணி மாதம், கிளிநொச்சிப் பக்கம், தகரக் கூரை வீடு. சோளகக் காற்று கிறவல் வீதிப் புழுதியை அள்ளி வந்து கொட்டுமே தவிர, அறைக்குள் புழுக்கம் போகாது. இரவு பகலாக ஓடுகிற ஃபேன் ஒருநாள் கடகடவென்று தொடங்கும். போன வருடம் நான் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். மோட்டர் போய்விட்டது என்றார்கள். புதிதாக ஒன்று வாங்கினேன். பிறகு பழையதைக் கழற்றிப் பார்த்தால், வலைக்கூட்டின் கிளிப் ஒன்று உடைந்திருந்தது. அவ்வளவுதான்.

முதல் சோதனைக்கு ஆயுதம் வேண்டாம், காது போதும். கூடிய வேகத்தில் ஓடவிட்டு, டக்கென்று நிற்பாட்டுங்கள். இறக்கை இன்னும் சில விநாடி தானாகச் சுற்றும். சத்தமும் கூடவே வந்து மெல்ல அடங்கினால் கோளாறு சுற்றுகிற பாகத்தில். நிற்பாட்டின கணமே சத்தம் அறுந்துபோனால் அது கரண்டோடு வருகிற சத்தம்.

கடகடப்பு என்றால், ஓடும்போதே தும்புத்தடிப் பிடியால் வலைக்கூட்டின் வெளி விளிம்பை மெதுவாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் கூடுதான் தளர்ந்திருக்கிறது. பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு கூடும் சேருகிற இடத்தில் செருகினால் சரி. அடித்தட்டு ஆணிகளையும் ஒருக்கால் முறுக்கிவிடுங்கள்.

இனி உள்ளே கைவைக்கப் போகிறோம். சுவிச்சை நம்பாமல் பிளக்கையே இழுத்துவிடுங்கள்.

முன்கூட்டைக் கழற்றினால் இறக்கையைப் பிடித்திருக்கும் மூடி தெரியும். புதிதாகக் கழற்றுபவர்கள் இதில்தான் உடைப்பார்கள். பெரும்பாலான ஃபேன்களில் இந்த மூடியின் புரி எதிர்ப்பக்கம்: மணிக்கூட்டுக் கம்பி சுற்றுகிற பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். இறக்கையைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு இறக்கையில் மட்டும் புழுதி கூடப் படிந்திருந்தாலே ஃபேன் தலையாட்டும்.

'கீச் கீச்' என்றால் புஷ் (இறக்கைக் கம்பியைத் தாங்குகிற வளையம்) காய்ந்துவிட்டது. இறக்கை மாட்டுகிற அந்தக் கம்பி மோட்டருக்குள் நுழைகிற இடத்தில் செம்புழுதியும் தலைமயிரும் சுற்றிக் கயிறு மாதிரி இருக்கும். அதை எடுத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்டு, கையால் சுற்றிவிடுங்கள். எங்கள் அம்மா தேங்காய் எண்ணெய் விடுவா. இரண்டு நாள் நன்றாக ஓடும், பிறகு புழுதியோடு சேர்ந்து களியாகிவிடும். கம்பியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் வீண்.

பக்கம் பக்கமாகத் திரும்பும்போது மட்டும் 'டக், டக்' கேட்டால், பின்னாலுள்ள குமிழை இழுத்துத் திரும்பலை நிற்பாட்டுங்கள். சத்தம் போய்விட்டால் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. மாற்றலாம், அல்லது என்னைப்போல் திருப்பாமலே பாவிக்கலாம்.

அடுத்தது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை. ஒரு அலைக்கு இரண்டு தடவையாக மோட்டரின் இரும்புத் தகடுகள் விநாடிக்கு 100 தடவை அதிரும். அதனால் மெல்லிய இரைச்சல் இயல்பு. ஆனால் இரைகிறது, சுற்றவில்லை, தள்ளிவிட்டால்தான் ஓடும் என்றால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மோட்டரைச் சுற்றத் தொடக்கிவிடுகிற பாகம்) பலவீனம். அப்படியே விட்டால் மோட்டர் சுருள் சூடாகிக் கருகும். புதிய கெப்பாசிட்டரில் அதன் அளவைச் சொல்லும் மைக்ரோஃபரட் எண் பழையதில் உள்ளதேதான் இருக்கவேண்டும். பிளக்கை இழுத்த பிறகும் அது கரண்டைப் பிடித்து வைத்திருக்கக்கூடும், ஆகவே பழக்கமில்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

கடைசியாகச் சடசடப்பு, அதுவும் கருகல் மணத்தோடு. உடனே மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அப்படிக் கேட்டபோது ஃபேனில் பிழையே இல்லை. பிளக் பேஸ் ஓட்டைக்குள் குளவி மண் அடைத்துக் கூடு கட்டியிருந்தது. பிளக் முழுதாக உள்ளே போகாமல் பொறி பறந்திருக்கிறது.