மிக் வெல்டிங் மெஷினில் ஒயர் ஏற்றுவதும் டென்ஷன் வைப்பதும்

ஒயர் விட்டுவிட்டு வந்தால் உடனே ரோலர் டென்ஷனை (ஒயரைத் தள்ளும் உருளையின் அழுத்தத்தை) முறுக்குவதுதான் பட்டறைப் பழக்கம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. ரோலர் கையைத் தூக்கிவிட்டு, டார்ச் முனையில் ஒயரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். லேசாக வர வேண்டும். இறுகினால் டிப் (டார்ச் முனையில் ஒயர் வெளிவரும் செம்புத் துண்டு), லைனர் (டார்ச் கேபிளுக்குள் ஒயர் ஓடும் குழாய்), ஸ்பூல் பிரேக் (ஒயர் சுற்றிய ஸ்பூலைப் பிடிக்கும் பிரேக்) இம்மூன்றில் ஒன்றுதான் காரணம்.

ஏற்றுவதற்கு முன் ரோலரைப் பார்க்கவும். ஒரே ரோலரில் 0.8, 1.0 மி.மீ. என இரண்டு பள்ளம் இருக்கும். ஒயர் ஓடும் பாதையில் எது நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். செம்பு பூசிய இரும்பு ஒயருக்கு வி பள்ளம், அலுமினியத்துக்கு யு பள்ளம், உள்ளே ஃப்ளக்ஸ் பொடி அடைத்த ஃப்ளக்ஸ் கோர் ஒயருக்குப் பல் வெட்டிய ரோலர். டிப்பும் ஒயர் அளவுக்கே இருக்க வேண்டும்.

ஸ்பூலை மாட்டும்போது அச்சிலுள்ள முளை ஸ்பூலின் துளையில் உட்கார வேண்டும். உட்காராவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒயர் நுனியைக் கையிலிருந்து விடவே கூடாது. விட்டால் 15 கிலோ சுருளும் அவிழ்ந்து சிக்கிக்கொள்ளும். வளைந்த நுனியை வெட்டி, பிசிறை அரத்தால் தேய்த்து, முதல் 10–15 செ.மீ.யை நேராக்குங்கள். கூர் நுனி லைனரைக் கீறும். பள்ளத்தின் மேலாக லைனருக்குள் கொஞ்சம் தள்ளிய பிறகு ரோலர் கையை மூடவும்.

டார்ச் கேபிளை நேராக நீட்டி, நாசிலையும் (டிப்பைச் சுற்றியுள்ள கேஸ் குழல்) டிப்பையும் கழற்றிவிட்டு ஒயரை ஓட்டுங்கள். கரன்ட் இல்லாமல் ஒயரை மட்டும் ஓட்டும் இன்ச் பட்டன் இருந்தால் அதையே அழுத்தலாம். டார்ச் ஸ்விட்சை அழுத்தினால் ஒயரில் கரன்ட் இருக்கும். ஜாப் (வெல்டு செய்யும் பொருள்), எர்த் இரண்டிலும் படாமல், முகத்துக்கு நேரே நீட்டாமல் பிடிக்கவும். நுனி வெளியே வந்ததும் டிப், நாசில் மாட்டி, 10 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

ஸ்பூல் பிரேக்: ஸ்விட்சை விட்டதும் ஸ்பூல் நிற்க வேண்டும், ஒயர் தொங்கக் கூடாது. அதற்கு மேல் நட்டை இறுக்க வேண்டாம். ஸ்பூல் தீரத் தீர விட்டம் குறைவதால் அதே பிரேக் கூடுதலாக இழுக்கும். அப்போது சற்றுத் தளர்த்தலாம்.

ரோலர் டென்ஷன்: நன்றாகத் தளர்த்திவிட்டு, கையுறை, கண்ணாடியோடு டார்ச்சை 5 செ.மீ. தள்ளிச் சாய்த்துப் பிடித்து மரக்கட்டையில் ஒயரை ஓட்டுங்கள். ரோலர் வழுக்கும். கால் சுற்று கால் சுற்றாக இறுக்க, ஒரு கட்டத்தில் வழுக்காமல் ஒயர் வளைந்து சுருளும். அங்கேயே நிறுத்துங்கள். அதிகம் இறுக்கினால் ஒயர் நசுங்கும், செம்புத் தூள் உதிர்ந்து லைனர் அடையும். டிப்பில் ஒயர் ஒட்டிக்கொண்டால் ரோலர் வழுக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் தள்ளிக்கொண்டே போய் லைனர் வாயில் கொத்தாகச் சிக்கும்.

கடலூர் முதுநகர், புதுச்சேரி தேங்காய்த்திட்டுப் பக்கம் கடல்காற்றில் ஒயர் சீக்கிரம் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். வேலை இல்லாத நாட்களில் ஸ்பூலைக் கழற்றி, சிலிக்கா ஜெல்லோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மேல் அடுக்கில் மட்டும் துரு என்றால் அதை உருவி எறிந்துவிடலாம். ஸ்பூல் மாற்றும்போதெல்லாம் டார்ச்சைக் கழற்றி, லைனருக்குள் கம்ப்ரசர் காற்று அடிக்கவும். ஒயர் வழுக்கி ஓட எண்ணெய் விடுவது வேண்டாம். லைனரில் தூசி அப்பும், வெல்டில் ஓட்டை விழும்.