பாம்பன் பாலம் தாண்டும் முன் மருந்துப் பையைச் சரிபாருங்கள்

ராமேஸ்வரம் தீவுக்கு வரும்போது மாத்திரைகளை அட்டையோடு கொண்டுவாருங்கள். பாம்பனில் மருந்துக்கடை வைத்திருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். "அக்கா, அம்மாவோட பிரஷர் மாத்திரை தீர்ந்துபோச்சு. வெள்ளையா, சின்னதா இருக்கும், ராத்திரி போடுவாங்க" என்று வந்து நின்றால் நான் எதை எடுத்துக் கொடுப்பேன்? என் அலமாரியில் பாதி மாத்திரை வெள்ளையாக, சின்னதாகத்தான் இருக்கிறது. அட்டை கையில் இருந்தால், அந்தக் கம்பெனி எங்களிடம் இல்லாவிட்டாலும், பின்பக்கம் அச்சடித்த மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பார்த்து அதே மருந்தைத் தேடலாம். மாத்திரையைக் கிழிக்கும்போது பெயர் இருக்கும் மூலையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

டாக்டர் சீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலிப்பு, மனநலம், தூக்கம் சம்பந்தப்பட்ட மருந்துகளைச் சீட்டு இல்லாமல் தரமாட்டோம். ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளியை அழைத்து வரும் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: வேண்டுதல் வேண்டுதலாக நடக்கட்டும், மாத்திரை ஒரு வேளைகூட நிற்கக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்கள் அதற்குரிய ஊசியையும் சேர்த்தே கொண்டுவர வேண்டும். நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. பேனா ரிப்பேர் என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டால், அதே கோட்டுக்கு இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும். சர்க்கரை திடீரென்று தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்புறம், நிறுத்திய காருக்குள் இன்சுலினை விடாதீர்கள். தனுஷ்கோடி வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். அதற்காக ஐஸ் கட்டியோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் எதற்கும் ஆகாது.

கோயிலுக்கு வரும் பெரியவர்கள் 22 தீர்த்தமும் ஆடிய ஈரத்தோடு நடப்பார்கள். தரை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு மதிய மணலில் கொப்புளம் வந்ததே தெரியாது. காலையிலேயே தரிசனத்தை முடித்துவிட்டு, இரவு அறையில் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பாருங்கள்.

கடலில் இறங்குகிறவர்கள் திருக்கையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆழமில்லாத மணலில் புதைந்து கிடக்கும், மிதித்தால் வால் முள்ளால் அடிக்கும். காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசிக்கொண்டே நடந்தால் அது விலகிப் போய்விடும். அடிபட்டுவிட்டால் வெந்நீர்தான் முதல் மருந்து. ஒரு வாலிபரை என் கடை வாசலில் உட்காரவைத்து, எதிர் டீக்கடையில் வெந்நீர் வாங்கி பேசினில் விளாவி ஊற்றினோம். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை. கணுக்கால்வரை மூழ்கிய கொஞ்ச நேரத்தில் தோள் தளர்ந்தது. தண்ணீர் ஆற ஆற வலி திரும்ப ஏறியது. மறுபடி சூடு சேர்த்தோம். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடிபட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் கூட இருப்பவர் கைவைத்துப் பார்க்க வேண்டும். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். வலி விட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் வராமல் தடுக்கும் டிடி ஊசியும் தேவைப்படும். மார்பிலோ வயிற்றிலோ குத்தி நிற்கும் முள்ளை நீங்களாகப் பிடுங்காதீர்கள்.

சொறி என்று நாங்கள் சொல்லும் ஜெல்லி மீன் பட்ட இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல் தண்ணீரிலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழையைக் கைபடாமல் எடுத்துவிடுங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 108. கரைவலை இழுக்கும் இடத்தில் ஆசைப்பட்டு வலைக்குள் கைவிடாதீர்கள், கடல்பாம்பு கிடக்கும். அது கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கானது. கடல்பாம்புக்கு வேலை செய்யாது. கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து, செயற்கை சுவாச வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. படகில் தலைசுற்றுகிறவர்கள் அதற்கான மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபிறகு போட்டுப் பயனில்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஊரிலிருந்தே இடம் பேசி வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, வழி. தனுஷ்கோடியைத் தாண்டி சாலை முடியும் அரிச்சல்முனையிலிருந்து ராமேஸ்வரம் அரசு மருத்துவமனைக்கு வரவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெரிய சிகிச்சை என்றால் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். அதற்கும் மேல் என்றால் மதுரை, இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல். தனுஷ்கோடிப் பக்கம் போன் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. சிக்னல் நல்லபடி இருக்கும் இடத்தைப் போகும்போதே கவனித்து வையுங்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554, கடலோரப் போலீஸ் 1093. இந்த எண்களை டிரைவரிடமும் கொடுங்கள்.

தீவிலிருந்து வண்டியில் வெளியே போக 1988இல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் இருக்கிறது. லீவு நாளில் கடலைப் பார்க்க அதன்மேல் வரிசையாக வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தால் ஒதுங்க அங்கே இடமில்லை.