வட்டுக்குச் சுவர் கிடையாது

இளம் விண்மீனைச் சுற்றும் வாயு வட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஈரோட்டு மாணவர் ஒருவர் கோடையில் அழைத்தார். வட்டில் வாயு குவிந்த மேடு ஒன்றை வைத்து, அங்கே சுழல் எழுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. "சார், நாலு சுழி வந்திருக்குதுங்க! மேட்டுல மூணு, உள்ளோரத்துல ஒண்ணு."

"ஓரத்துல என்ன கண்ணு வெச்சிருக்கற?"

"அடைச்சுட்டனுங்க சார்."

நெஞ்சு திக்கென்றது. ஆராய்ச்சியின் இரண்டாம் வருடத்தில் நானும் அதையேதான் செய்தேன். இந்த வேலையில் ஏமாற்றும் பிழைகளை மட்டும் சொல்கிறேன். அலகுப் பிழை, குறிப் பிழையெல்லாம் பெரும்பாலும் ஓட்டும்போதே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓரத்தை அடைப்பது

எங்கள் கோபி தோட்டத்தில் மோட்டார் போட்டால், தொட்டியில் விழும் தண்ணீரின் அலை செவுத்தில் மோதித் திரும்பும். திரும்பி வருவது புதிதாக வருவதோடு சேர்ந்து ததும்பும். இளம் விண்மீனைச் சுற்றும் வாயு வட்டுக்கு அப்படியொரு செவுரு இல்லை. நாம் கணினியில் கட்டிவிடுகிறோம்.

அது சின்ன விஷயமில்லை. அலை எந்த ஆரத்தில் வாயுவோடு ஒரே வேகத்தில் சுற்றுகிறதோ, அதற்கு உள்ளே இருக்கும் அலையும் வெளியே இருக்கும் அலையும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடியவை. விளிம்பு திருப்பி அனுப்பினால் வளர்ந்துகொண்டே போகும். வாயு வளையங்களில் இந்த நிலையின்மையை 1984இல் பாப்பலாய்சுவும் பிரிங்கிளும் காட்டினார்கள். வளையத்தின் நடுவே கருந்துளை இருந்து, உள்விளிம்பு வழியே வாயு அதற்குள் விழுந்துகொண்டிருந்தால் அது அடங்கும் என்று 1987இல் பிளேஸ் காட்டினார். 1999இல் லவ்லேஸ் குழு விளக்கிய ராஸ்பி அலை நிலையின்மைக்கோ செவுரே வேண்டாம். வாயு குறுகலாகக் குவிந்த மேடு ஒன்றில் அலை சிக்கினால் போதும். திரையில் இரண்டும் சுழலாகவே தெரியும். படத்தைப் பார்த்து மட்டும் பிரித்துவிட முடியாது.

நான் மேடே வைக்காமல் மூன்று வாரம் ஓட்டி, உள்ளோரத்தில் சுழல்களைப் பார்த்துப் பூரித்து, கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். "உள்ளோரத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாரப்பா" என்றார் ஒரு மூத்தவர். வட்டில் ஒரு குறிப்பு ஆரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், உள்ளோரத்தை 0.4இலிருந்து 0.3க்கு நகர்த்தினேன். சுழல்களும் கூடவே நகர்ந்தன. சுருக்கத்தைத் திரும்பப் பெற்றேன். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

இரண்டு ஓரங்களிலும் அலை திரும்பாதபடி மெல்ல அணைத்துவிடுங்கள். 2006இல் பல குழுக்கள் தங்கள் புரோகிராம்களை ஒப்பிட்டபோது, 0.4 முதல் 2.5 வரையான வட்டில் 0.5க்கு உள்ளேயும் 2.1க்கு வெளியேயும் அப்படித்தான் அணைத்தார்கள். பிறகு ஓரத்தை நகர்த்தி இன்னொரு முறை ஓட்டுங்கள்.

மேடு வைத்துவிட்டு வேகத்தை மறப்பது

மேட்டின் உள்பக்க வாயு கெப்ளர் வேகத்தைவிட, அதாவது விண்மீனின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் சுற்றும் வேகத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவும், வெளிப்பக்கம் மெதுவாகவும் சுற்ற வேண்டும். அழுத்தம் அப்படித் தள்ளுகிறது. திருத்தாமல் விட்டால் முதல் சில சுற்றிலேயே பொய் அலை கிளம்பும்.

பாகுநிலை

பாகுநிலையைக் குறிக்கும் ஆல்பா எண்ணை 0.01 என்று கூட்டி வைத்துவிட்டுச் சுழலைத் தேடாதீர்கள்.

பிறையெல்லாம் சுழல் என்பது

ஹெச்டி 142527 என்ற இளம் விண்மீனின் வட்டில் தூசி பிறைபோல் குவிந்திருக்கிறது. உள்ளே ஒரு துணை விண்மீனும் இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காமல் பேசக்கூடாது.

ஈரோட்டு மாணவர் ஓரத்தில் அலையை அணைத்து, 0.3க்கு நகர்த்தி நேற்று மறுபடி ஓட்டியிருக்கிறார். மேட்டிலிருந்த மூன்றும் அங்கேயே நிற்கின்றன. உள்ளோரத்துச் சுழலைக் காணோம்.