டெஸ்க்டாப் மாறியும் போகாத பழைய செட்டிங்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது ராமநாதபுரம் கரையோர ஊர்களான மண்டபம், தங்கச்சிமடம் வீடுகளில் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுப்பவர்கள் உண்டு. அனேகமாகப் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பாக இருக்கும். அதில் லினக்ஸ் போட்டு, அதன் டெஸ்க்டாப்களில் (திரைத் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் புரோகிராம் தொகுப்பு) க்னோம் கனமாக இருக்கிறது என்று கேடிஇ பிளாஸ்மா போட்டுப் பார்த்து, அதுவும் இழுக்கிறது என்று கடைசியில் எக்ஸ்எஃப்சிஇ-க்கு வந்திருப்பார்கள். வேகம் வந்துவிடும். ஆனால் ஒரு விண்டோ ஒரு நிறத்திலும் இன்னொன்று வேறு நிறத்திலும் இருக்கும். ஃபோல்டரைத் தொட்டால் டால்ஃபின் திறக்கும் (மன்னார் வளைகுடா டால்ஃபின் அல்ல, கேடிஇ-யின் ஃபைல் மேனேஜர்). தமிழில் தட்டச்சு செய்யவே முடியாது.

உடனே எல்லோரும் செய்வது, பழைய டெஸ்க்டாப்பை அன்இன்ஸ்டால் செய்வது. அதில் இந்தக் கோளாறு தீராது. லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலும் டெபியனிலும் 'பர்ஜ்' (செட்டிங்ஸோடு சேர்த்து நீக்கும் கட்டளை) என்று கொடுத்தால்கூட, சிஸ்டம் பக்கத்தில் இருக்கும் கான்ஃபிக் ஃபைல்கள்தான் போகும். உங்கள் ஹோம் ஃபோல்டரை அது தொடாது. தொந்தரவு கொடுக்கும் செட்டிங்ஸ் முழுக்க அங்கேதான், புள்ளியில் பெயர் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களில் இருக்கின்றன. ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோல், ஹெச் இரண்டையும் அழுத்தினால் கண்ணில் படும்.

அன்இன்ஸ்டாலில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பின்னாலேயே 'ஆட்டோரிமூவ்' (இனி தேவையில்லை என்று சிஸ்டம் நினைக்கும் பேக்கேஜ்களை நீக்கும் கட்டளை) கொடுத்து, அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' தட்டுபவர்கள் அதிகம். பழைய டெஸ்க்டாப்போடு சேர்ந்து வந்த நெட்வொர்க் மேனேஜரும் சில சமயம் அந்தப் பட்டியலில் இருக்கும். அது போய்விட்டால் வைஃபை போகும். வைஃபை போனால் அதைத் திரும்ப இறக்கவும் வழியில்லாமல் நிற்பீர்கள். பட்டியல் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, கோபத்தில் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் டாட் கான்ஃபிக் (.config) ஃபோல்டரையே மொத்தமாக அழிப்பது. அதற்குள் டெஸ்க்டாப் சமாச்சாரம் மட்டும் இல்லை. குரோமின் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்ட், லிப்ரே ஆஃபீஸில் நீங்கள் சேர்த்த ஆட்டோகரெக்ட், டெம்ப்ளேட் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஏலக் கணக்கு எழுதிய ஷீட் டாக்குமென்ட்ஸில் பத்திரமாக இருக்கும், சரி. பாஸ்வேர்டுகள் திரும்பி வராமல் போகலாம். டாட் லோக்கல் (.local) ஃபோல்டரில் கை வைக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். க்னோம் கீரிங், கேடிஇ வாலட் (அந்தந்த டெஸ்க்டாப்பின் பாஸ்வேர்ட் பெட்டிகள்) இரண்டின் பூட்டுச் சாவிகளும் அதற்குள் இருக்கின்றன. குரோம் தன் பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்க இவற்றில் ஒன்றைத்தான் நம்புகிறது. டெஸ்க்டாப் மாறியதும் பாஸ்வேர்ட் எதையும் காணோம் என்றால் பெரும்பாலும் அழிந்திருக்காது. குரோம் இப்போது வேறு வாலட்டில் தேடுகிறது, அவ்வளவுதான். பழைய டெஸ்க்டாப்புக்குள் ஒருமுறை நுழைந்து பாஸ்வேர்டுகளை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் அந்த டெஸ்க்டாப்பை நீக்காதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. புதிதாக ஒரு யூசர் உருவாக்கி அதில் லாகின் செய்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் கோளாறு உங்கள் ஹோம் ஃபோல்டரில். அங்கேயும் அதே தொல்லை என்றால் சிஸ்டம் பக்கம் தேட வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இரவு முழுக்க மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கோளாறு ஹோம் ஃபோல்டரில்தான் என்று தெரிந்த பிறகும் அழிக்க வேண்டாம், பெயரை மாற்றுங்கள். எக்ஸ்எஃப்சிஇ-யின் செட்டிங்ஸ் டாட் கான்ஃபிக்குக்குள் 'எக்ஸ்எஃப்சிஇ4' என்ற ஃபோல்டரில் இருக்கும். க்னோம், சின்னமன், மாட்டே மூன்றும் 'டிகான்ஃப்' ஃபோல்டரில் ஒரே ஃபைலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த ஃபைலைத் தூக்கினால் மூன்றின் செட்டிங்ஸும் சேர்ந்தே போகும். கேடிஇ ஒரே ஃபோல்டரில் அடங்காது, பெரும்பாலும் கே என்ற எழுத்தில் தொடங்கும் சின்னச் சின்ன ஃபைல்களாக இறைந்து கிடக்கும். இந்தப் பெயர் மாற்றத்தை டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்வது வீண். செட்டிங்ஸை மெமரியில் வைத்திருக்கும் புரோகிராம், லாக்அவுட் ஆகும்போது பழையதையே திரும்ப எழுதிவிடக்கூடும். லாக்அவுட் செய்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி, கறுப்புத் திரையில் லாகின் செய்து அங்கிருந்து மாற்றுங்கள்.

நிறக் குழப்பத்துக்கு வருவோம். தீம்களை மாற்றி மாற்றிப் பார்ப்பது பயன் தராத வேலை. க்னோம் வகை புரோகிராம்களும் தன் நிறத்தில் தெரிய வேண்டும் என்று கேடிஇ, டாட் கான்ஃபிக்கில் 'ஜிடிகே-3.0', 'ஜிடிகே-4.0' ஃபோல்டர்களுக்குள் சிஎஸ்எஸ் ஃபைல்களை எழுதிவைக்கிறது. நீங்கள் கேடிஇ-யை விட்டு வந்தாலும் அவை அங்கேயே இருக்கும். எந்தத் தீம் போட்டாலும் அதன் மேல் அந்த நிறங்கள் ஏறி உட்காரும். அந்த இரண்டு ஃபோல்டர்களின் பெயரை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். டால்ஃபின் விவகாரம் அதைவிடச் சின்னது: எந்த ஃபைலை எது திறக்கும் என்று 'மைம்ஆப்ஸ்' பட்டியலில் பழைய வரி கிடக்கிறது. ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' மூலமாகவே மாற்றலாம்.

தமிழ் தட்டச்சில்தான் நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தட்டச்சு முறைகளைக் கவனிக்கும் புரோகிராமான ஐபஸ், க்னோமில் தானாகவே ஓடும். எக்ஸ்எஃப்சிஇ-யில் அதை லாகினின்போது தொடங்கச் சொல்ல வேண்டியிருக்கும். க்னோம் செட்டிங்ஸில் தமிழ் 99 சேர்த்திருந்தாலும் வெளியே ஐபஸ் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் தமிழ் 99-ஐ மறுபடி சேர்க்க வேண்டும். அதற்கு தமிழ் விசை அமைப்புகளைத் தரும் எம்17என் பேக்கேஜும் வேண்டும். கேடிஇ காலத்தில் ஐபஸ் போன்ற இன்னொரு புரோகிராமான எஃப்சிஐடிஎக்ஸ் போட்டிருந்தால் சிக்கல் கூடும். எந்த இன்புட் முறை என்று புரோகிராம்களுக்குச் சொல்லும் வேரியபிள்களில் அதன் பெயரே பதிந்திருக்கும். ஐபஸை எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் புரோகிராம்கள் இல்லாத எஃப்சிஐடிஎக்ஸையே தேடும். டெபியன், உபுண்டுவில் 'ஐஎம்-கான்ஃபிக்' ஓட்டி ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து வாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் டாட் புரொஃபைல் ஃபைலில் கையால் எழுதிய பழைய வரி இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் நீங்களே எங்கேயோ பார்த்து ஒட்டியதாக இருக்கும்.

நம் கரையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உப்புக்காற்று ஏறிய கீபோர்டில் ஷிஃப்ட் ஒட்டிக்கொண்டாலும் தமிழ் எழுத்து மாறி மாறித்தான் விழும். லாகின் திரையிலோ அந்தக் கறுப்புத் திரையிலோ ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். அங்கேயும் எழுத்து தவறினால், வெளியே ஒரு யூஎஸ்பி கீபோர்டை மாட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் செட்டிங்ஸில் கை வையுங்கள்.