“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் மட்டும் வீட்டில். நம் குமரி மாவட்டத்தில் இப்படி எத்தனையோ வீடுகள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் எது எதற்கு என்று பலருக்குத் தெரியாது, “அந்த வெள்ளை மாத்திரை” என்பார்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறிவிடும், ஆபத்து அங்கேதான்.

டாக்டரைப் பார்த்து வந்ததும் “புரிஞ்சுதா?” என்றால் தலையாட்டிவிடுவார்கள். “அம்மா, டாக்டர் என்ன சொன்னாரு? எனக்கு ஒருக்கா சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்லும்போதுதான் எது விட்டுப்போனது என்று தெரியும். விட்டதை மட்டும் பொறுமையாகத் திரும்பச் சொல்லுங்கள். அப்புறம் மாத்திரை கவரில் தடித்த பேனாவால் ‘பிரஷர் - காலை’ என்று பெரிதாகத் தமிழில் எழுதிவிடுங்கள்.

உப்பு விஷயமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில்தான் வரும் என்பதையும் சொல்லுங்கள். தினமும் கருவாடு வேண்டாம், மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) பச்சை மீன் குழம்பே போதும்.

சந்தேகம் வந்தால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு போன் செய்து கேட்கலாம். அந்த எண்ணையும் கவரிலேயே எழுதி வையுங்கள்.